பெரியகிரியின் சிங்கப்பல்லும் ஒரு டியூப்லைட்டும்

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று முதல் இந்த டைரியில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை என் குலதெய்வத்தின் மேல் ஆணையாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரக்கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. பத்து மாதமாக ஒரு வரி எழுதாமல் வைத்திருந்தேன். சரித்திரம் நடக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன். நடந்துவிட்டது.

எம். வெள்ளியங்கிரி ஆகிய நான், வயது அறுபத்தாறு, கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக முப்பத்தோரு வருடம் தரையில் நின்றதைவிடக் கம்பத்தில் நின்றதே அதிகம் என்று பெயர் வாங்கியவன், கோபிசெட்டிபாளையத்தில் இருந்து உலகத்துக்கு அறிவிப்பது: நேற்று தீபாவளியன்று காலை ஒன்பதே காலுக்கு என் மேல்வரிசை இடது சிங்கப்பல் வீரமரணம் அடைந்தது. இதை டாக்டர்கள் நாய்ப்பல் என்கிறார்களாம். நான் சிங்கத்தின் கட்சி.

நடந்தது இதுதான். வாய்க்கால் கரையில் குளித்துவிட்டு வரும்போது சத்தியமங்கலம் காட்டிலிருந்து வழி தவறிய ஒரு சிறுத்தை குறுக்கே வந்தது. நான் அதை முறைத்தேன். அது என்னை முறைத்தது. பிறகு நடந்த யுத்தத்தில் பல் உடைந்த சத்தம் பவானிசாகர் அணையில் கேட்டு, மதகைத் திறந்துவிட்டார்கள்.

என் மனைவி ருக்குமணி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "சிறுத்தையா? என்ற பொரிவிளங்கா உருண்டையக் கடிச்சுப் போச்சுன்னு எழுதுங்க" என்றாள்.

சரித்திரம் எழுதும்போது பின்னால் ஆள் நிற்கக் கூடாது.

அந்த உருண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தானியத்தை வறுத்து அரைத்து வெல்லப்பாகில் பிடிப்பது. மற்றவர்கள் பிடித்தால் தின்பண்டம். ருக்குமணி பிடித்தால் பாலத்துக்குத் தூண் வைக்கலாம்.

அக்டோபர் 22, புதன்

டாக்டர் யாழினி எனக்குத் தங்கை முறை ஆகிற ஒருத்தியின் மகள். கடைவீதியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். என் மேல்வரிசையில் ஏற்கனவே நாலு பல் கிடையாது (அது ஒரு யானையின் கதை, பிறகு எழுதுகிறேன்). அந்த நாலையும் உலோகச் சட்டத்தில் கட்டிக் கழற்றி மாட்டுகிற மாதிரி மூன்று வருடத்துக்கு முன்னால் செட்டு செய்து கொடுத்தவள் அவள்தான். செட்டின் இடது கொக்கி பிடித்துக்கொண்டிருந்ததே இந்தச் சிங்கப்பல்லைத்தான். தூண் போன மண்டபம் போல இப்போது செட்டு தொங்குகிறது. நான் "வணக்கம்" என்றால் அது எனக்கு முன்னால் வெளியே வந்து வணக்கம் சொல்கிறது.

"என்ன மாமா கடிச்சீங்க?"

"சிறுத்தை."

"சிறுத்தையையா கடிச்சீங்க?"

"அதுதான் மொதல்ல ஆரம்பிச்சுது."

"அத்தை போன்ல உருண்டைன்னாங்களே."

"உன்ற அத்தைக்கு மிருகங்களைப் பத்தி என்ன தெரியும்?"

கடப்பாரை அளவுக்கு ஊசி போட்டு வேரை எடுத்தாள். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கண்ணில் வந்தது வேர்வை.

"புதுசா செட்டு செய்யோணுமா யாழினி?"

"வேண்டாம் மாமா. சட்டம் கல்லாட்டம் இருக்குது. அதுலயே ஒரு பல்லைச் சேத்திப்போடலாம். ரெண்டு வாரம் புண்ணு ஆறட்டும். அப்பறம் செட்டை வாயில மாட்டி, அப்படியே அளவு எடுக்கோணும். செட்டு அளவோட ஒட்டிக்கிட்டு வந்துரும். கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பினா, சட்டத்துல புதுக் கொக்கி ஒட்டிப் பல்லு வெச்சுத் தருவாங்க. அந்த நாலஞ்சு நாளைக்கு மட்டும் செட்டு இல்லாம இருக்கோணும்."

அக்டோபர் 23, வியாழன்

ரசஞ்சாதம்.

அக்டோபர் 24, வெள்ளி

ரசஞ்சாதம். பால்காரரிடம் சிறுத்தை இரண்டு என்று சொன்னேன். பாவம், ஒன்று என்றால் அவருக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ருக்குமணி கேஸ் ஏஜென்சிக்காரியுடன் நாற்பது நிமிடம் போனில் பேசினாள். ஒரு சிலிண்டருக்கு இவ்வளவு பேச வேண்டுமா? நடுவில், "இங்கயும் அதே கதைதான் மயிலு, அதே பக்கம்!" என்று சிரிப்பு வேறு. ஏஜென்சிக்காரியின் பெயர் மயிலு போலிருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

நம்பியூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து பூசாரி பேசினார். மண்டபத்து டியூப்லைட் எரிந்து இரண்டு வருடம் ஆகிறதாம். கரண்ட் வேலை தெரிந்தவர், வந்து பாருங்கள் என்றார். பல் இல்லாமல் ஏணியில் ஏற முடியாது என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

அந்த டியூப்லைட் சாதாரணமானதல்ல. அதை எழுதாவிட்டால் பின்னால் வருவது புரியாது.

என் தாத்தா பெயர் வெள்ளியங்கிரி. அவருக்கு இரண்டு மகன்கள், மாரப்பன், முத்துச்சாமி. மாரப்பனுக்கு நான் பிறந்தேன். தாத்தா பெயரை வைத்தார்கள். பதினோரு நாள் கழித்து முத்துச்சாமிக்கு ஒரு மகன் பிறந்தான். தாத்தா அவருக்கும் அப்பாதானே? அவரும் அதே பெயரை வைத்தார். இனிஷியலும் ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு எம். வெள்ளியங்கிரி. நான் பெரியகிரி, அவன் சின்னகிரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "வெள்ளியங்கிரி" என்று பிரம்பை எடுத்தால் இருவரும் எழுந்து நிற்போம். தப்பு யார் செய்திருந்தாலும் ஆளுக்குப் பாதி அடி. ஐம்பத்தைந்து வருடம் எங்களுக்கு நடுவில் ஒரு நூல் நுழைய முடியாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் கோயில் கும்பாபிஷேகம். மண்டபத்தில் புது டியூப்லைட். அதில் சிவப்புப் பெயின்டில் "உபயம்: எம். வெள்ளியங்கிரி". உபயதாரரை மேடைக்கு அழைத்தார்கள். இருவரும் எழுந்தோம். நான் கம்பம் ஏறிப் பழகியவன், வேகமாக எழுந்தேன். மாலை என் கழுத்தில் விழுந்தது. கைதட்டல் இமயமலையில் எதிரொலித்தது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து பேச்சில்லை. அவனும் அவன் மனைவி மயிலாத்தாளும் புளியம்பட்டியில் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் தூரத்தில் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் வைத்திருக்கிறான். ஆளைவிடப் பல் முன்னால் வருகிறது. நான் பார்க்கவில்லை. எத்தனை இட்லி சாப்பிட்டான் என்பதையும் பார்க்கவில்லை (நாலு).

அந்த டியூப்லைட்டை வாங்கியது யார் என்று கேட்பீர்கள். மாட்டியது நான். இந்த அத்தியாயம் இத்துடன் முடிந்தது.

நவம்பர் 7, வெள்ளி

அளவு எடுத்தாயிற்று. செட்டை மாட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். யாழினி ஒரு கரண்டி நிறைய இளஞ்சிவப்புக் கூழைக் கொண்டுவந்து அண்ணத்தில் அப்பினாள். மூக்கால் மூச்சு விடுங்கள் மாமா என்றாள். மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் என் வாழ்க்கை முழுவதும் கண் முன்னால் ஓடி, இடைவேளையும் விட்டது. பிறகு ஒரு இழு இழுத்தாள். கூழ் இறுகி ரப்பராகியிருந்தது. செட்டு அதற்குள் புதைந்து வெளியே வந்தது.

பல் நிறம் பார்க்க ஒரு விசிறி அட்டை காட்டினாள். நான் ஆக வெளுத்ததைத் தொட்டேன்.

"அது குளியலறை டைல்ஸ் மாதிரி இருக்கும் மாமா" என்று சொல்லி, பழுப்பாக ஒன்றை எடுத்தாள். ருக்குமணியும் தலையாட்டினாள். என் வாய்க்கு என்ன நிறம் என்பதை இரண்டு பெண்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்.

சாயங்கால பஸ்ஸில் பார்சல் கோயம்புத்தூர் போயிற்று. என் வாய் டிக்கெட் எடுத்துத் தனியாக ஊருக்குப் போவது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 10, திங்கள்

யாழினி ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போயிருக்கிறாள். மதியம் லேபிலிருந்து ஒரு பெண் நேராக எனக்கே போன் செய்தாள்.

"சார், எம். வெள்ளியங்கிரிங்களா?"

"ஆமா."

"சார், எங்ககிட்ட அந்தப் பேர்ல ரெண்டு பாக்ஸ் இருக்குது. ஒண்ணு கோபி, ஒண்ணு புளியம்பட்டி. மேல் கவரு கழண்டு போச்சு, எது எந்த ஊருன்னு..."

புளியம்பட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ரத்தம் கொதித்து, பக்கத்தில் இருந்த காப்பி மறுபடியும் சூடானது.

"ஏம்மா! இந்த உலகத்துல எம். வெள்ளியங்கிரி ஒருத்தன்தான். அது நான்தான். புளியம்பட்டில அப்படி யாரும் கெடையாது."

"அவருகிட்டயும் கேட்டோம் சார். அவரும் கோபில அப்படி யாருமில்லைன்னாருங்க."

"சொன்னானா? அப்படிச் சொன்னானா?"

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அதுல ஒண்ணுல தங்க..."

தங்க நகைச் சீட்டு விற்கிறவர்கள் இப்போது பல் லேபில்கூட நுழைந்துவிட்டார்கள். வைத்துவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

யாழினி டப்பாவைத் திறந்தாள். பஞ்சை விலக்கினாள். உள்ளே இருந்த செட்டிலிருந்து தங்கப்பல் ஒன்று எங்களைப் பார்த்துச் சிரித்தது.

அதன் பக்கத்திலேயே, இடது பக்கம், பளபளவென்று புதிதாகச் சேர்த்த ஒரு சிங்கப்பல்.



"இது சின்ன மாமாவோடதுல்ல?" என்றாள் யாழினி மெதுவாக.

"எந்தச் சின்ன மாமா? எனக்கு அப்படி யாரையும் தெரியாது" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல, அதே பக்கம், அதே பல்லு எப்படிப் போச்சு?"

இதில் ஏதோ சதி இருக்கிறது என்று ருக்குமணியைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓடவில்லை. தீபாவளிக்கு அவள் இரண்டு டப்பா உருண்டை பிடித்தது எனக்குத் தெரியும். ஒரு டப்பா எங்கள் வீட்டில் இருந்தது. இன்னொன்று எங்கே போயிற்று என்று நான் கேட்டதே இல்லை.

யாழினி புளியம்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கே வந்த டப்பாவில் என் செட்டு இருந்ததாம். சின்னகிரி அதைப் பார்த்ததும், "இது யாருதுன்னு எனக்குத் தெரியும், நானே குடுத்துக்கறேன்" என்று சொல்லி சட்டை ஜோப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டானாம்.

என் பல் எதிரி நாட்டில் சிறைப்பட்டது.

"புதுசாவே செஞ்சிரலாமா மாமா? மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம். அதற்குள் ரசம் என் நரம்பில் ஓடும். தங்கப்பல் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். யுத்தம் என்றால் யுத்தம்.

நவம்பர் 13, வியாழன்

காலை பத்து மணிக்கு ருக்குமணியின் போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள். பதினோரு வருடம் கழித்து அந்தக் குரல்.

"நங்கை, உன்ற ஊட்டுக்காரன்கிட்டச் சொல்லு. அவன் பல்லு என்றகிட்ட இருக்குது. டம்ளர்ல தண்ணி ஊத்திப் பத்திரமா வெச்சிருக்கறேன்."

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடத் தெரிகிறது. அண்ணனைக் கூப்பிடத் தெரியவில்லை.

"அவன் பல்லும் என்றகிட்டத்தான் இருக்குதுன்னு சொல்லு ருக்கு."

"உங்க பல்லும் இவருகிட்ட இருக்குதாமுங்க" என்றாள் ருக்குமணி, நான் சொன்னது ஸ்பீக்கரில் அவனுக்கே கேட்டிருக்காது என்பது போல.

"ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வரச் சொல்லு. அந்த டியூப்லைட்டுக்கு அடியில நின்னு, அதை ஆரு வாங்கிக் குடுத்ததுன்னு அவன் வாயால சொல்லட்டும். சொல்லீட்டுப் பல்லை வாங்கிக்கட்டும்."

"பல்லே இல்லாத வாயில எப்படிச் சொல்றதாம்னு கேளு ருக்கு."

"எனக்கும்தான் இல்ல. புரியும்னு சொல்லு."

"ருக்கு! சொல்லாட்டி அவன் தங்கப்பல்லை வாய்க்கால்ல உட்டுருவேன்னு சொல்லிப்போடு!"

அந்தப் பக்கம் டம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அவன் உடமாட்டான் நங்கை" என்றான். போன் வைக்கப்பட்டது.

என்ன திமிர். என்னைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்?

நவம்பர் 14, வெள்ளி

தங்கப்பல்லை எவர்சில்வர் டம்ளரில் போட்டு, தண்ணீர் மாற்றினேன். கைதிதான் என்றாலும் ராஜ மரபு என்று ஒன்று உண்டு.

மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் தேய்த்தும் வைத்தேன். இந்த வரி சரித்திரத்தில் வர வேண்டாம்.

நவம்பர் 15, சனி

கண்ணாடி முன்னால் நின்று உரை தயாரித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே, அந்த விளக்கை மாட்டியவன் என்ற முறையில்" என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் போகிறது. வாங்கியவன் யார் என்ற பகுதி மட்டும் சரியாக அமையவில்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் இருமல் வந்துவிடுகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

நானும் ருக்குமணியும் பஸ்ஸில் போனோம். டம்ளரை மடியில் வைத்து, மேலே தட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர், "என்னங்க, பாயசமுங்களா?" என்றார். "தங்கம்" என்றேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொன்னால் இந்த நாட்டில் மதிப்பே இல்லை.

சின்னகிரி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியிலும் ஒரு டம்ளர். மேலே தட்டு. தலைக்கு மேலே இரண்டு முனையும் கருத்துப்போன அந்த டியூப்லைட். பெயின்ட் உதிர்ந்து "உபயம்: எம்." வரைக்கும்தான் மிச்சம்.

கிட்டே போனேன். இடது கன்னம் உள்ளே ஒட்டியிருந்தது. என் கன்னமும் அப்படித்தான் என்று ருக்குமணி சொல்லுவாள். தலை முழுக்க நரைத்துவிட்டான். இது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. என்னைக் கேட்காமல்.

நாற்பது நிமிட உரையைத் தொண்டைக்குக் கொண்டுவந்தேன். இருமல் வந்தது.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சாப்புட்டியாடா?"

"என்னத்த சாப்புடறது. ரசஞ்சோறு."

"எங்கூட்லயும் அதேதான்டா. ரசத்தைப் பாத்தாலே ஓடோணும் போல இருக்குது."

"உனக்கு எதுலடா பல்லு போச்சு?" என்று கேட்டேன்.

அவன் கோபுரத்தைப் பார்த்தான். "கரடி" என்றான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டு கிழவர்கள் ஓட்டை வாயைத் திறந்துகொண்டு சிரித்ததில் கோயில் புறாக்கள் எல்லாம் பறந்து கேரள எல்லையைத் தாண்டிவிட்டன. கரடி இரண்டா ஒன்றா என்றேன். மூன்று என்றான். தோற்றுப்போனேன்.

பின்னால் ருக்குமணியும் மயிலாத்தாளும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், மயிலாத்தாளின் சிரிப்பு அந்தக் கேஸ் ஏஜென்சிக்காரியின் சிரிப்பைப் போலவே இருக்கிறது.

டம்ளர் மாற்றிக்கொண்டோம். என் செட்டு சுத்தமாக இருந்தது. தேய்த்து வைத்திருக்கிறான். குழாயடியில் கழுவி மாட்டினேன். புதுக் கொக்கி பக்கத்துப் பல்லைப் பிடித்து டக்கென்று உட்கார்ந்தது. அவன் வாயில் தங்கம் மின்னியது. வெயிலில் பார்த்தால் அவ்வளவு மோசமாக இல்லை.

"டேய் சின்னகிரி, அந்த லைட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"லைட்டு பியூஸ் போயி ரெண்டு வருசமாச்சு, உடு" என்றான்.

விட்டுவிட்டேன். அவன் கேட்டது அது ஒன்றுதான். அதையும் நான் சொல்லவில்லை. இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மயிலாத்தாள் ஒரு டப்பாவைத் திறந்து நீட்டினாள். உள்ளே மிச்சமிருந்த பொரிவிளங்கா உருண்டை. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினோம். இந்தத் தடவை அவன் முந்திக்கொண்டான்.

நவம்பர் 17, திங்கள்

இடது பக்கம் லேசாக உறுத்தியது. யாழினி கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்தாள். "சின்ன மாமாவும் இனிமே இங்கயே வர்றேன்னு போன் பண்ணினாரு மாமா" என்றாள். "டப்பாவுல ஊர்ப் பேரு, அப்பா பேரு, அம்மா பேரு எல்லாம் எழுதிப்போடறேன்."

இரண்டு முறுக்கு தின்றேன். உலகம் மறுபடியும் கரகரவென்று இருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

ஒரு புது டியூப்லைட் வாங்கினேன். இப்போது வருகிற மெலிசான ரகம். கடைவீதி பெயின்டரிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். "உபயம்: எம். வெள்ளியங்கிரி" என்று எழுதி முடித்து, பிரஷ்ஷைக் கழுவப் போனார்.

"இருங்க. இன்னும் இருக்குது" என்றேன்.

கோயிலில் ஏணியைச் சின்னகிரி பிடித்துக்கொண்டான். "உளுந்தீங்கன்னா ரசஞ்சோறுதான், சொல்லிப்போட்டேன்" என்று ருக்குமணி கீழேயிருந்து மிரட்டினாள். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, சுவிட்சைப் போடச் சொன்னேன். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இதைப் பார்த்து இரண்டு விமானங்கள் வழி மாறின.

சின்னகிரி அண்ணாந்து படித்தான். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தான்.

உபயம்: எம். வெள்ளியங்கிரி (சின்னகிரி), புளியம்பட்டி.

"அட கெரகமே. இதை வாங்குனது நீதானேடா? என்ற பேரை எதுக்குப் போட்ட?"

"உன்ற வாயில ஏற்கனவே தங்கம் எரியுது. மேலயும் உன்ற பேரே இருந்தாத்தான் பொருத்தம்" என்றேன்.

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான். கண்ணாடி அழுக்காக இல்லை.

டைரியில் பக்கம் இன்னும் இருக்கிறது, ஆனால் சரித்திரம் முடிந்துவிட்டது. ருக்குமணி உள்ளே போனில் இருக்கிறாள், எனவே தைரியமாக எழுதுகிறேன். சிறுத்தை பொய். இரண்டு சிறுத்தை இரண்டு பொய். அணை மதகு, கேரளாவுக்குப் போன புறா, வழி மாறிய விமானம் எதையும் நம்ப வேண்டாம். யானையின் கதையை எழுதாததற்குக் காரணம், அந்த நாலு பல்லும் சொத்தை. இத்தனை பக்கத்திலும் நான் எழுதாமல் விட்ட நிஜம் ஒன்றே ஒன்றுதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த டியூப்லைட்டை வாங்கிக்கொண்டு வந்தவன் சின்னகிரி. "கம்பம் ஏறுன கை, நீயே மாட்டுடா" என்று என்னிடம் கொடுத்தான். மாட்டினேன். பிறகு, மேடையில் கூப்பிட்டபோது, அவனைவிட வேகமாக எழுந்தேன்.